முன்பணமாக ஒரு வெள்ளி லாரி

நான் செய்கிற சாமான்களுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் உண்டு. யாரும் தொடக் கூடாது.

"ஏறக் கூடாத பஸ்ஸு, தொடக் கூடாத லாரி. இதையும் வீடு தேடி வந்து வாங்கிட்டுப் போறானுக பாருங்க, அவனுகளச் சொல்லணும்" என்பாள் என் மனைவி ப்ரியா.

அருப்புக்கோட்டையில் எனக்கு ஸ்டிக்கர் கடை. நம்பர் பிளேட், கடைப் பலகை, காதுகுத்து பேனர், கல்யாண பேனர், கண்ணீர் அஞ்சலி பேனர் என்று ஒரு மனிதனைப் பற்றி ஊருக்குத் தெரிய வேண்டியதெல்லாம் என் கடை வழியாகத்தான் போகும். படம் ஒட்டுகிற சன்போர்டு அட்டையில் வெட்டியது போக மிஞ்சும் துண்டுகளை வீணாக்க மனசில்லாமல் ஒரு நாள் கையகலத்தில் மினி பஸ் ஒன்று செய்தேன். அதிலிருந்து வீணாய்ப் போனது அட்டை இல்லை, நான்தான் என்பது ப்ரியாவின் கட்சி. தலையில் பாதி முடி போன பிறகு, பொம்மை லாரிக்குக் குனிந்து உட்கார்ந்து ஹாரன் ஒட்டிக்கொண்டிருக்கிற ஆளைப் பற்றி வேறு கட்சி இருக்கவும் முடியாது.

கோகிலாம்பாள் அக்கா என்னைத் தேடி வந்தது ஆடி மாதம். காற்று ரோட்டு மண்ணை அள்ளிக் கடைக்குள் கொட்டிக்கொண்டிருந்தது.

"அருஞ்சுனைங்கிறது நீங்கதானா தம்பி? அச்சு அசலா வண்டி செய்வீகளாமே."

உட்காரச் சொன்னேன். உட்கார்ந்ததும் பையிலிருந்து உள்ளங்கை அளவு வெள்ளித் தகடு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். கோயில் வாசலில் விற்பார்களே, நேர்த்திக்கடனுக்கு வைக்கிற உரு, அதுதான்.

"இது என்னன்னு தெரியுதா?"

"காருதான்க்கா."

"ஆங், காரு. நான் கேட்டது லாரி."

உருக் கடையில் கண் இருக்கிறது, கை கால் இருக்கிறது, தொட்டில் இருக்கிறது, வீடு இருக்கிறது, கார் இருக்கிறது. லாரி இல்லை. கடைக்காரன், வண்டி என்றால் வண்டிதான், சாமிக்குப் புரியும் என்று சொல்லியிருக்கிறான். அக்காவும் ஒன்றை வாங்கிப்போய் முள்ளிக்கரை காளியம்மன் காலடியில் வைத்திருக்கிறார். எனக்குக் காட்டுவதற்காக இன்னொன்று வாங்கி வந்திருக்கிறார்.

"புரியல தம்பி அவளுக்கு. அதுக்கு மறுநாளு, எங்க ஊருக்குக் கெழக்க ஒரு கார்க்காரன் புளியமரத்துல கொண்டுபோய்ச் சாத்திட்டு, சட்டையத் தட்டிவிட்டுட்டு எந்திரிச்சுப் போனான். என் மகனுக்கு வரவேண்டியது அவனுக்குப் போயிருச்சு."

நல்லவேளை, நான் சிரிக்கவில்லை. இழவு வீட்டில்கூட அடங்காத வாய் என்று எனக்குப் பேர். அன்றைக்கு அது தானாக மூடிக்கொண்டது. ஏனென்றால் அந்த அம்மாள் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. விலாசம் மாறிப்போன பார்சலைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

பந்தல்குடியில், தூத்துக்குடி ரோட்டுமேல் கடை வைத்திருக்கிற குடும்பம். தார்ப்பாய், கயிறு, கொக்கி, சக்கரத்துக்கு அடியில் வைக்கிற எலுமிச்சம்பழம் வரைக்கும் லாரிக்காரர்களுக்கு வேண்டியதெல்லாம் கிடைக்கும். ஒரே மகன் மாரிசெல்வம். கடைக்கு வருகிற லாரிகளைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன், தானும் ஒன்றை வாங்கித் தானே ஓட்டினான். தராசு பிடிக்க வேண்டிய கை ஸ்டியரிங் பிடிக்கிறதே என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முன் பம்பருக்கு க்ரோம் போட்டு, தினம் காலையில் தோள் துண்டால் அதைத் துடைத்து, அதிலேயே முகம் பார்த்துத் தலை சீவிவிட்டுத்தான் வண்டியை எடுப்பானாம். உப்பு லோடு ஏற்றிக்கொண்டு திரும்பிய ஒரு விடியற்காலையில், விளக்குப் போடாமல் நின்ற வண்டியின் பின்னால் போய் மோதிவிட்டான். மதுரை ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறான். அப்பா அங்கே வராந்தாவில். அம்மா இங்கே பாதி திறந்த ஷட்டரோடு கடையில்.

"அவன் கண்ணு முழிச்சா, அவன் வண்டி மாதிரியே வெள்ளியில ஒரு லாரி செஞ்சு வைக்கிறேன்னு வேண்டியிருக்கேன்."

"முழிக்கட்டும்க்கா. அப்புறம் நிதானமாச் செஞ்சு..."

"யாவாரத்துல அப்படியா தம்பி? அட்வான்ஸ் போட்டாத்தான சரக்கு ஏத்துவான்? முன்னாடியே கொண்டுபோய் வச்சிரணும். வாங்கிட்டா அப்புறம் அவளால இல்லைன்னு சொல்ல முடியாது."

வெள்ளி வேலை செய்கிற பத்தரிடம் கேட்டாராம். சக்கரம், ஏணி, சங்கிலி எல்லாம் வைத்து லாரி என்றால் தைப்பொங்கலுக்குப் பார்க்கலாம் என்றிருக்கிறார். அக்காவுக்கு ஆடி கடைசிச் செவ்வாய்க்குள் வேண்டும்.

நான் உள்ளதைச் சொன்னேன். "என்கிட்ட இருக்கிறது பெயின்ட்டுதான்க்கா. அடிச்சா வெள்ளி தோத்துப்போகும். ஆனா வெள்ளி இல்ல. சாமிய ஏமாத்துனதா ஆயிராதா?"

அக்கா அந்தக் கார்த் தகட்டை எடுத்துத் திரும்பப் பைக்குள் போட்டார். பிறகு, "மாரிசெல்வம் பிள்ளையில கட்டியிருந்த வெள்ளி அரணாக்கொடி இருக்கு. அத உள்ள லோடா ஏத்திருவோம். வெளிய நீங்க பாத்துக்கோங்க" என்றார்.

இப்படியாக, சாமிக்குச் சரக்கு அனுப்புகிற ஏஜென்ட் ஆனேன்.

வண்டியின் போட்டோக்கள் அவர் போனில் நிறைய இருந்தன. அதை வைத்து முழங்கை நீளத்துக்கு லாரியைக் கட்டினேன். கட்டுவது பெரிய காரியமில்லை. க்ரோம் அடிப்பதுதான் காரியம். க்ரோம் பெயின்ட் என்பது தலைத் தீபாவளி மாப்பிள்ளை மாதிரி. எல்லாம் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும், ஒரு சின்னக் குறை இருந்தாலும் ஊருக்கே காட்டிக்கொடுத்துவிடும். அட்டையில் கண்ணுக்கே தெரியாத கீறல்கூட க்ரோமுக்குக் கீழே உழவுசால் மாதிரித் தெரியும். அதனால் பட்டி பார்த்து, தண்ணீர் தொட்டுத் தொட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முதலில் முழு லாரிக்கும் கறுப்பு அடித்தேன். பளபளக்கிற கறுப்பு. அது கிணற்றுத் தண்ணீர் மாதிரி இறுகிக் காய்ந்தால்தான் மேலே க்ரோம் கண்ணாடியாக நிற்கும். இல்லாவிட்டால் சாம்பல்.

பாதியில் பார்க்க வந்த அக்கா, கறுப்பு லாரியைக் கண்டு பயந்துவிட்டார்.

"என்ன தம்பி, எமன் வண்டி மாதிரி இருக்கு."

"உள்ள கறுப்பு இருந்தாத்தான்க்கா மேல வெள்ளி மின்னும். அப்புறம் இது வெளியவே தெரியாது."

ஆடிக் காற்றுக்கும் க்ரோமுக்கும் ஆகாது. ஒரு தூசி போதும். வீட்டில் தூசி இல்லாத ஒரே இடம் குளியலறை. தரையையும் சுவரையும் நனைத்து, சன்னலில் ஈரச் சாக்கை அடைத்து, பனியனிலிருந்து பஞ்சு பறக்கும் என்பதால் அதையும் கழற்றிவிட்டு, தலையில் பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு, அரை ஆடையோடு உள்ளே நின்று அடித்தேன். வெளியே மகள் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று கதவைத் தட்டினாள். "சாமிக்குச் செய்யுறேன்னு சொல்லிட்டு இது என்ன கோலம்? காளி நேர்ல வந்தாக்கூட ஓடிருவா" என்றாள் ப்ரியா.

மாவு தூவுவதைவிட மெல்லியதாக, அடித்தோமா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு, மேலாக்க விட்டுக்கொண்டே போக வேண்டும். ரொம்ப நேரம் ஒன்றுமே நடக்காது. திடீரென்று ஒரு வீச்சில் கறுப்பு காணாமல் போய், லாரியின் பக்கப் பலகையில் பாலிதீன் பை போட்ட ஒரு கோமாளி எட்டிப் பார்ப்பான். க்ரோம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

வந்தால் போதுமா? அதைக் காப்பாற்ற வேண்டும். வெறும் க்ரோமை விரலால் தொட்டால் விரல் எண்ணெயில் மங்கிவிடும். பாதுகாப்புக்கு மேலே கிளியர் என்கிற நிறமில்லாத பூச்சை அடித்தால், அந்தக் கிளியரே மினுக்கத்தைக் கொன்றுவிடும். எந்தக் கிளியர் குறைவாகக் கொல்லும் என்பதைப் பாயசக் கரண்டியில்தான் சோதிப்பேன். கல்யாணத்தில் கொடுப்பார்களே, சின்னப் பிளாஸ்டிக் கரண்டி, அது. எங்கள் வீட்டு அலமாரியில் வெள்ளிக் கரண்டிகள் குவிந்து கிடப்பதைப் பார்த்து என் மச்சினன் ஒரு காலத்தில் என்மேல் மரியாதை வைத்திருந்தான். கையில் எடுத்துப் பார்க்கும் வரைக்கும்.

அந்த மாதிரி மூன்று கரண்டிகளை எடுத்துக்கொண்டு அக்காவோடு முள்ளிக்கரைக்குப் போனேன். திருச்சுழி பஸ்ஸில் போய் இறங்கி, காய்ந்த கண்மாய் ஓரமாக வேலிக்கருவைக்குள் நடந்தால் கோயில். ஓட்டுக் கொட்டகை, கல்லில் காளி, பூசாரி பால்சாமி. அவ்வளவுதான்.

"உருன்னா அபிஷேகம் உண்டுல்ல சாமி?" என்று கேட்டேன்.

"உண்டுல்லயா? மஞ்சத்தண்ணி படாத வரைக்கும் அது பொம்மை. பட்டாத்தான் உரு" என்றார் பால்சாமி.

"என்னென்ன ஊத்துவீக?"

"பாலு, மஞ்சத்தண்ணி, சந்தனம். கடைசியா விபூதி."

மூன்று கரண்டியையும் நீட்டினேன். ஒன்று வெறும் க்ரோம். கண்ணாடிதான். அக்கா அதில் தன் நெற்றிப் பொட்டைச் சரிசெய்துகொண்டார். இரண்டாவதில் கடையில் கிடைக்கிற கெட்டிக் கிளியர். ஈயப் பாத்திரம் மாதிரி ஆகியிருந்தது. மூன்றாவதில் தண்ணீர் கலந்து அடிக்கிற கிளியரைத் தூவித் தூவி, காயவிட்டுக் காயவிட்டு அடித்தது. கண்ணாடியும் இல்லை, ஈயமும் இல்லை. நன்றாகத் துலக்கிய சொம்பு.

பால்சாமி ஒவ்வொன்றின்மேலும் பாலை ஊற்றினார், மஞ்சளை ஊற்றினார், சந்தனத்தை அப்பினார். வெறும் க்ரோம் அப்போதே திட்டுத் திட்டாக மங்கியது. மூன்றாவது தாங்கியது. பிறகு, வெள்ளிப் பாத்திரத்தை வீட்டில் பெண்கள் எப்படித் துலக்குவார்களோ அப்படி, ஒரு சிட்டிகை விபூதியைப் போட்டு அதைப் பெருவிரலால் நான்கு தேய் தேய்த்தார். வெள்ளி போய்க் கறுப்பு எட்டிப் பார்த்தது.

அக்கா அப்போது உள்ளே விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். பார்க்கவில்லை. நானும் பால்சாமியும் பார்த்தோம்.

"சாமி, விபூதி மட்டும் வேண்டாமே."

பால்சாமி கரண்டியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "தூவுறேன். தேய்க்க மாட்டேன். போதுமா? ஏன்னா, நாளைக்கு அந்தத் தாயி கண்ணு முன்னாடி இது இப்படிக் கறுத்துச்சுன்னு வையி, ஆத்தா வேண்டாம்னு சொல்லிட்டாள்னுதான் நெனைக்கும். அந்தப் பையன் உசுரோட இருக்கும்போதே இந்தத் தாயி அழுது முடிச்சிரும்."

அதுவரைக்கும் எனக்கு அது ஒரு பெயின்ட் பிரச்சினையாகத்தான் இருந்தது. அவர் சொன்ன பிறகு மற்ற இரண்டு கரண்டிகளையும் அக்கா பார்க்காமல் பைக்குள் போட்டேன். சாமியை நம்புகிறேனா என்று கேட்டால் மழுப்பிவிடுவேன். அந்த அம்மாள் நம்புகிறார் என்பதை மட்டும் முழுக்க நம்பினேன்.

ஊர் திரும்பி, லாரியைத் தொடாமல் காயவிட்டேன். மாவுச் சல்லடையைக் கவிழ்த்து மூடி, அதன்மேல் ஈரத்துணி போட்டு, ஒரு நாளைக்கு ஒரு தூவல் கிளியர். சல்லடையைக் கேட்டு ப்ரியா வரவேயில்லை. அந்த வாரம் எங்கள் வீட்டில் சலிக்காத மாவில் பூரி.

செவ்வாய்க்கிழமை காலையில் அக்கா வந்தார். லாரியைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டார். மகனின் வண்டியேதான். முன் பம்பர், ஏணி, சங்கிலி, அவன் ஒட்டியிருந்த புலி முகம் வரைக்கும் வெள்ளி. சிறிது நேரம் பார்த்தவர் முகத்தைக் கிட்டக் கொண்டுபோனார்.

"கரண்டியில என் மூஞ்சி தெரிஞ்சுச்சு. இதுல தெரியலையே தம்பி."

"கரண்டியில முலாம்க்கா. இது வெள்ளிக் குணம். வெள்ளியில எங்கக்கா மூஞ்சி தெரியும்?"

பொய்தான். நம்பினாரோ இல்லையோ, தலையை ஆட்டினார். மடியிலிருந்து சின்ன அரைஞாண் கொடியை எடுத்து லாரியின் தொட்டிக்குள் சுருட்டி வைத்தார். தன் கடைத் தார்ப்பாயில் ஒரு துண்டு வெட்டி எடுத்து வந்திருந்தார். அதைப் போர்த்தி, நூல் கயிற்றால் லாரிக்காரர்கள் கட்டுகிற அதே முடிச்சுப் போட்டுக் கட்டினார். அந்த வண்டியில் வெள்ளி நிறம் இல்லாத ஒரே சாமான் அந்தத் தார்ப்பாய்தான்.

அபிஷேகத்தின்போது நான் காளியைப் பார்க்கவே இல்லை. பம்பரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பால் ஓடியது. மஞ்சள் தண்ணீர் ஏணிப் படிகளில் தங்கித் தங்கிச் சொட்டியது. சந்தனத்தை பால்சாமி ஒற்றை விரலால், குழந்தைக்கு மை வைப்பது போல வைத்தார். விபூதியை எட்ட நின்று தூவினார். கடைசியில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிக் கற்பூரம் காட்டியபோது, லாரி முழுக்க அந்தச் சின்ன நெருப்பு ஓடியது. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன். கிளியர் தாங்கியதற்காகப் போட்டுக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வர பஸ்ஸுக்கு நிற்கும்போது மதுரையிலிருந்து அவர் வீட்டுக்காரர் பேசினார். அக்கா போனைக் காதில் வைத்தபடியே நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"விரலு அசைஞ்சுச்சாம் தம்பி! நர்ஸம்மா பாத்துச்சாம். எடது கை விரலு!"

அங்கிருந்த கடையில் இருந்த அத்தனை கடலை மிட்டாயையும் வாங்கி பஸ்ஸில் இருந்த எல்லாருக்கும் கொடுத்தார். கண்டக்டர் மூன்று எடுத்துக்கொண்டார். நான் வீட்டுக்கு வந்து ப்ரியாவிடம், இனிமேல் என்னைக் கொஞ்சம் மரியாதையாக நடத்த வேண்டும் என்றும், சாமிக்கும் எனக்கும் நேரடித் தொடர்பு ஏற்பட்டுவிட்டது என்றும் சொன்னேன். "மொதல்ல சல்லடைய எடுத்து வைங்க" என்றாள். ஆனால் சிரித்தாள். அன்று ராத்திரி பூரிக்கு மாவு சலித்தாள்.

ஆவணி பிறந்து, ஒரு முற்பகல். முகூர்த்த பேனர்கள் அடித்துக்கொண்டிருந்தேன். பந்தல்குடியிலிருந்து இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள். அவசரம் என்றார்கள். ஆறுக்கு நாலு, கண்ணீர் அஞ்சலி. போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள்.

என் கடையில் நிறையச் செத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கி, காலர் அழுக்கை எடுத்து, பின்னால் நீல வானம் வைத்து அனுப்புவேன். கை தானாகச் செய்யும். இந்தப் போட்டோ திறந்ததும் கை நின்றுவிட்டது. அதில் முகத்துக்கு முன்னால் பம்பர்தான் கண்ணில் பட்டது. ஒவ்வொரு திருகாணியும் எனக்குத் தெரிந்த பம்பர். பக்கத்தில் தோளில் துண்டோடு ஒரு காலை அதன்மேல் தூக்கி வைத்துக்கொண்டு சிரிக்கிறான் மாரிசெல்வம். அவனை அதுவரைக்கும் நான் சரியாகப் பார்த்ததே இல்லை. வண்டியைப் பார்ப்பதற்காக அவனை எத்தனையோ தரம் ஓரத்தில் தள்ளிப் பெரிசாக்கிப் பார்த்திருக்கிறேன்.

"வண்டிய வெட்டிட்டு மூஞ்சிய மட்டும் போடுங்கண்ணே" என்றான் வந்தவன்.

"வண்டி இருக்கட்டும்ப்பா" என்றேன்.

அடித்துக் கொடுத்தேன். சட்டையை மாற்றிக்கொண்டு நானும் போனேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. பார்த்தாலும் அடையாளம் தெரியாத கண்ணாக இருந்தது. திரும்பி வந்து, ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருப்போம் என்று ப்ரியாவிடம் வாயைத் திறந்தேன். வரவில்லை. அவள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

எனக்குள் ஒரு அற்ப எண்ணம் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தக் கிளியர் நல்ல கிளியர். வருஷக்கணக்கில் தாங்கும். காளி காலடியில் அந்த லாரி மின்னிக்கொண்டே இருக்கும். ஒரு சாமானைக் கெடாமல் செய்துவிட்டோமே என்று வருத்தப்பட்டது அதுதான் முதல் தடவை.

கருமாதி முடிந்து சில நாளில் அக்கா போன் செய்தார். "தம்பி, முள்ளிக்கரைக்கு ஒரு எட்டு வரணும். அத எப்படித் தூக்கணும்னு உங்களுக்குத்தான் தெரியும்."

போனேன். எனக்கு முன்னாலேயே வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் கடைப் பை. நெற்றியில் பொட்டு இல்லை. வீட்டுக்காரர் இருக்கிறார், இருந்தும் வைக்கவில்லை. பால்சாமி உள்ளே போகவும் மாட்டாமல் வெளியே வரவும் மாட்டாமல் படியில் நின்றார்.

"தாயி, ஆத்தாளுக்குக் குடுத்தது குடுத்ததுதான். திருப்பி எடுக்குற வழக்கம் இந்தச் சீமையிலயே கெடையாது."

"நான் சண்டைக்கு வரல சாமி. நாங்க கடை நடத்துறவுக. அட்வான்ஸ் வாங்கிட்டு ஒருத்தன் சரக்கு அனுப்பலேன்னா திட்ட மாட்டோம், வாசல்ல நின்னு மண்ண வாரித் தூத்த மாட்டோம். அட்வான்ஸத் திருப்பிக் குடுன்னு கேப்போம். அம்புட்டுதான். இவகிட்டயும் அதத்தான் கேக்குறேன்."

"விரலு அசைஞ்சுச்சே தாயி..."

"விரலா சாமி நான் கேட்டேன்?"

பால்சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார். நான் வேலிக்கருவையைப் பார்த்தேன்.

"அவள வெறுங்கையா விட்டுட்டுப் போக மாட்டேன்" என்றார் அக்கா. "லோடு அவளே வச்சுக்கட்டும். வெள்ளிதான அது, அசல் வெள்ளி. நான் வண்டிய மட்டும் கொண்டுட்டுப் போறேன். வண்டி இவளுக்கு எதுக்கு? ஓட்டவா போறா?"

பால்சாமி துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே போனார். ரொம்ப நேரம் கழித்து லாரியைத் தூக்கி வந்து நிலைப்படியில் வைத்துவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். "நான் எடுத்துக் குடுக்கல. அவளே தள்ளிவிட்டாள்னு வச்சுக்கோ."

அக்கா தார்ப்பாய் முடிச்சை அவிழ்த்தார். அரைஞாண் கொடியை எடுத்துக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தார். இரண்டு சுற்றுச் சுற்றி என் மகளுக்கு வளையலாகப் போடலாம், அவ்வளவுதான் அதன் சுற்றளவு. பால்சாமியின் முதுகுக்குப் பக்கமாக, நிலைப்படிக்கு உள்ளே அதை வைத்தார். தார்ப்பாயை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, லாரியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தார்.

பம்பரைப் பிடித்துத் தூக்கியிருந்தார். அங்கே தொடக் கூடாது என்று சொல்லியிருப்பேன், சாதாரண நாளாக இருந்தால்.

லாரியில் எண்ணெய்ப் பிசுக்கும் விளக்குப் புகையும் தூசியும் ஏறியிருந்தன. பைக்குள்ளிருந்து ஒரு துண்டை எடுத்தார். போட்டோவில் அவன் தோளில் கிடந்த துண்டு. முன் கண்ணாடியைத் துடைத்தார், ஏணியைத் துடைத்தார், ஒவ்வொரு சக்கரமாகத் துடைத்தார். பம்பருக்கு வந்ததும் நிறுத்தினார்.

"இது போகலையே. சாமி, கொஞ்சம் விபூதி குடுங்க. வெள்ளிக்கு அதுதான் சரி."

பால்சாமி சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்கும் கரண்டி நினைவு வந்துவிட்டது. வாயைத் திறந்தார். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். அவர் தட்டை நீட்டினார்.

ஒரு சிட்டிகை போட்டு, துண்டின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, பம்பரின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு அழுத்தித் தேய்த்தார். தினம் காலையில் அவன் எப்படித் தேய்ப்பான் என்று கடை வாசலிலிருந்து பார்த்து வைத்திருந்திருப்பார் போல. தோள் அதே தாளத்தில் அசைந்தது. முதலில் கிளியர் போனது. ஒரு நொடி க்ரோம் கண்ணாடியாகப் பளிச்சென்றது. அதில் அவர் முகம் தெரிந்ததோ என்னவோ, கொஞ்சம் குனிந்தார். அடுத்த தேய்ப்பில் அதுவும் போய்க் கறுப்பு வந்தது. முதலில் ஓரத்தில், பிறகு நடுவில்.

"அழுக்கு ரொம்ப ஏறியிருக்கு தம்பி. விளக்குப் புகையா?"

உள்ளே கறுப்பு இருந்தால்தான் மேலே மின்னும் என்று அவருக்கு நான்தான் சொல்லியிருந்தேன். நினைவில்லையா, நினைவிருந்தே கேட்கிறாரா என்று தெரியவில்லை.

"புகைதான்க்கா."

"போயிருமா?"

"போயிரும்க்கா. இன்னுங்கொஞ்சம் தேய்ங்க."

தேய்த்தார். பால்சாமி உள்ளே போய் இன்னொரு பிடி விபூதியை வாழையிலைக் கிழிசலில் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, என் அருகில் வந்து உட்கார்ந்தார்.